கிரீன் காட் வருமுன் அமெரிக்காவுக்குள் பயணம் போகலாமா?

ஓம், போகலாம். கலியாணம் முடித்து, கிரீன் காட் என்கிற நிரந்தர வதிவிட அட்டை கேட்டு ஐ-485 விண்ணப்பம் போட்டு, அதற்காகக் காத்திருக்கிற ஒருவர் நியூஜெர்சியில் இருந்து கலிபோர்னியாவுக்கோ, டெக்சாஸில் இருந்து ஹவாய்க்கோ போக யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. போகிறேன் என்று அறிவிக்கவும் வேண்டாம். எத்தனை நாள் நிற்கலாம் என்று ஒரு கணக்கும் இல்லை.

இதை முதல் வரியிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கு. இப்போது லீவில் திருகோணமலையில் நிற்கிறேன், உவர்மலையிலும் உப்புவெளியிலும் அமெரிக்காவுக்குப் பெண் கொடுத்த வீடுகளில் ஏறி இறங்கினால் இந்தக் கேள்விதான் வருகிறது. “காட் வரும்வரை வீட்டை விட்டு அசையாதே என்று பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன், சரிதானே?” என்று கேட்கிறார்கள். அந்தப் பயம் எங்கே இருந்து வருகிறது என்று எனக்கு விளங்குகிறது. கொழும்புக்குப் போனால் வழியெல்லாம் சோதனைச்சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டி, லொட்ஜில் தங்கினால் பொலிஸில் பதிந்து வந்த தலைமுறை இது. ஒரு நாட்டுக்குள்ளே பயணம் போவதே பெரிய காரியம் என்று அவர்கள் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அந்தப் பயத்தால் ஒரு பிள்ளை புது நாட்டில், புது வீட்டில், மாதக்கணக்காக ஓர் அறைக்குள் இருப்பது சரியில்லை. பயப்பட வேண்டிய இடங்கள் உண்மையில் இரண்டுதான்: ஒன்று நாட்டின் எல்லைக்கோடு, மற்றது வீட்டுத் தபால்பெட்டி. தூரம் ஒரு பிரச்சினையே இல்லை.

விமானத்துக்கு என்ன காட்டுவது

2025 மே 7 முதல் உள்நாட்டு விமானத்துக்கு ரியல் ஐடி வேண்டும் என்று நடைமுறைக்கு வந்தது. அதைக் கேட்டுப் பலர் குழம்பிப்போய் இருக்கிறார்கள். ரியல் ஐடி என்பது நட்சத்திர அடையாளம் போட்ட மாநில லைசன் அல்லது அடையாள அட்டை. அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏனென்றால் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனை செய்கிற டிஎஸ்ஏ ஏற்றுக்கொள்கிற பட்டியலில் வெளிநாட்டுப் பாஸ்போட்டும் இருக்கு, ஈஏடி என்கிற வேலை அனுமதி அட்டையும் இருக்கு. ஆகவே எங்கள் இலங்கைப் பாஸ்போட் செல்லுபடியாக இருந்தால் அதையே காட்டி ஏறலாம். உள்ளே குத்தியிருக்கிற விசா முடிந்துபோயிருந்தால்? டிஎஸ்ஏ அங்கே பார்ப்பது நீங்கள் யார் என்பதை, விசாவின் திகதியை அல்ல. ஆனால் பாஸ்போட்டின் திகதியே முடிந்துவிட்டால் வெளிநாட்டில் இருந்து புதுப்பிப்பது இழுபடும், அதனால் முடிகிற வருடத்தைப் பார்த்துக் கெதியாக வேலையைத் தொடங்குங்கள்.

விண்ணப்பம் கிடைத்தது என்று வருகிற ஐ-797சி கடிதத்தை அடையாள அட்டை என்று நினைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். அதில் படமே இல்லை. அது கூட வைத்திருக்க வேண்டிய தாள், தனியாகக் காட்டி ஏற முடியாது.

அதே கடிதம் லைசன் கொடுக்கிற டிஎம்வி அலுவலகத்தில் உதவும். ஐ-485 நிலுவையில் இருப்பவர்களுக்கும் ரியல் ஐடி கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கு, குறுகிய காலத்துக்கான அட்டையாகத்தான் தருவார்கள். அதை எடுத்துவிட்டால் பாஸ்போட்டைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. ஒரு முக்கியமான விடயம், டிஎம்வியில் லைசன் விண்ணப்பம் நிரப்பும்போது வாக்காளராகப் பதியவா என்று ஒரு கேள்வி வரும். மெஷினில் வந்தாலும், ஆள் கேட்டாலும், வேண்டாம் என்றே சொல்லுங்கள். கிரீன் காட் வந்த பிறகும் அப்படித்தான். வாக்குப் பதிவது குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும் உரியது, ஒரு டிக் பிழையாகப் போட்டால் உங்கள் முழு வழக்கும் ஆபத்தில் விழலாம்.

பெயர். இதில்தான் எங்கள் ஆட்கள் கூடுதலாகச் சிக்குப்படுகிறார்கள். பாஸ்போட்டில் அப்பாவின் பெயரும் சொந்தப் பெயரும் நீளமாக இருக்கும், கலியாணத்துக்குப் பிறகு போட்ட விண்ணப்பத்தில் கணவரின் பெயரைக் கடைசியில் சேர்த்திருப்பார்கள், அதனால் ஈஏடி வேறு பெயரில் வரும், டிக்கெட்டைப் புக் பண்ணுகிற மருமகனோ வீட்டில் கூப்பிடுகிற பெயரையும் தன் பெயரையும் போட்டுவிடுவார். விதி ஒன்றுதான்: விமான நிலையத்தில் எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ, அதில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டில் இருக்க வேண்டும். பாஸ்போட் என்றால் பாஸ்போட்டின் பெயர், ஈஏடி என்றால் ஈஏடியின் பெயர். புக் பண்ணுமுன் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அடியுங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று காட்டுகிற கலியாணப் பதிவின் பிரதி ஒன்றும் பையில் கிடக்கட்டும்.

அப்புறம், ஊரில் இருந்து அனுப்பின கறித்தூள். 350 மில்லிலீட்டர் அளவுக்கு மேலான எந்தத் தூளும் கைப்பையில் இருந்தால் அதை வெளியே எடுத்துத் தனியாகச் சோதிப்பார்கள், சந்தேகம் தீராவிட்டால் அதை விட்டுவிட்டுப் போகவும் நேரும். பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடுங்கள்.

எல்லைக்கோடு

இதை நிதானமாக வாசியுங்கள். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது, அட்வான்ஸ் பரோல் என்கிற பயண அனுமதி கையில் இல்லாமல் அமெரிக்காவை விட்டு வெளியே காலடி வைத்தால், உங்கள் விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எச்-1பி, எல்-1 என்கிற வேலை விசாக்கள் போன்ற சில விசாக்காரருக்கு விலக்கு இருக்கு. நிச்சயம் பண்ணி கே-1 விசாவில் வந்து 90 நாளுக்குள் கலியாணம் முடித்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த விலக்கு இல்லை. கே-1 ஒரு தடவை நுழையத்தான், திரும்பி வர அது உதவாது. பிறகு கொழும்பில் உள்ள தூதரகம் வழியாக எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும், கணவர் ஒரு நாட்டில், மனைவி ஒரு நாட்டில். விசா முடிந்து 180 நாளுக்கு மேல் சட்டப்படி இல்லாமல் இருந்துவிட்டு வெளியே போனவருக்கு 3 வருடத் தடை, ஒரு வருடம் அல்லது அதற்கு மேல் என்றால் 10 வருடத் தடை என்றும் சட்டம் சொல்கிறது.

சரி, யார் வேண்டுமென்று வெளிநாடு போவார்கள் என்று நினைப்பீர்கள். எங்கள் சனத்துக்கு அந்த ஆசை வருகிற இடம் நயாகரா. கனடாவில் ஸ்காபரோவில் சொந்தம் இல்லாத திருகோணமலைக் குடும்பம் குறைவு. சித்தி அங்கே, பெரியப்பாவின் பிள்ளைகள் அங்கே. நியூஜெர்சியில் இருந்து காரை எடுத்தால் ஒரு நாளில் பஃபலோ, அங்கே நின்று பார்த்தால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கனடா, அந்தப்பக்கம் நின்று பார்த்தால்தான் நீர்வீழ்ச்சி வடிவு என்று எல்லாரும் சொல்வார்கள். “ஒரு மணித்தியாலத்தில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், நாங்கள் எத்தனை தரம் போனோம்” என்று கிரீன் காட் உள்ள மச்சான்மார் கூப்பிடுவார்கள். அவர்கள் பாஸ்போட்டும் காட்டும் வைத்துக்கொண்டு விசா இல்லாமலே கனடாவுக்குப் போகலாம், அதனால் அவர்களுக்கு அது பக்கத்துத் தெரு. உங்களுக்கு அப்படியில்லை. ரெயின்போ பாலத்தில் ஏறாதீர்கள். சொந்தக்காரரை அமெரிக்கப் பக்கத்துக்கு வரச்சொல்லுங்கள், கோட் ஐலண்டிலும் புரொஸ்பெக்ட் பொயின்டிலும் எல்லாரும் சேர்ந்து நின்று பார்க்கலாம், அதுவும் வடிவுதான். மனத்தாங்கல் வந்தால் வரட்டும், காட் வந்த பிறகு முதல் பயணமாக அவர்கள் வீட்டுக்கே போய்த் தீர்த்துக்கொள்ளலாம்.

தெரியாமல் கடக்கிற இடங்களும் இருக்கு. டெட்ரொய்டில் இருந்து பஃபலோவுக்கு வழி கேட்டால் போனில் உள்ள வரைபடம் ஒன்ராறியோ வழியாகத்தான் இழுக்கும், ஏனென்றால் அதுதான் குறுக்குவழி. கிளீவ்லண்ட், ஈரி பக்கமாகச் சுற்றிப் போகிற பாதையை முன்கூட்டியே தெரிவு செய்யுங்கள். வெளிக்கிடுமுன் முழுப் பாதையையும் ஒருதரம் விரலால் தள்ளிப் பாருங்கள், கோடு எங்காவது எல்லையைத் தொடுகிறதா என்று. சான் டியேகோவில் ஐ-5 நெடுஞ்சாலையில் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் மெக்சிகோவுக்குள் போய்விடும், அதற்கு முன் கடைசி வெளியேற்றம் என்று பலகை இருக்கும், அதைத் தாண்டினால் திரும்ப இடமில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் பொயின்ட் ரொபர்ட்ஸ் என்று ஓர் ஊர், அது அமெரிக்காதான், ஆனால் தரைவழியாகப் போனால் கனடாவுக்குள்ளால்தான் போக வேண்டும். அலாஸ்காவும் அப்படித்தான். நேரடி விமானத்தில் போனால் ஒன்றுமில்லை, காரில் போனால் கனடா. ரயிலில் போகிறவர்கள் நியூயார்க்கில் இருந்து மேப்பிள் லீஃப் ரயிலில் ஏறினால் எங்கே இறங்குவது என்று கவனம், அது டொரொன்டோவரை போகிற ரயில்.

கப்பல் பயணம். மியாமியில் ஏறி மியாமியில் இறங்குகிறோம், எப்படி வெளிநாடாகும் என்று கேட்பார்கள். நடுவில் பஹாமாஸிலோ மெக்சிகோவிலோ நிற்கும். சியாட்டிலில் இருந்து போகிற அலாஸ்காக் கப்பல்கள்கூடக் கனடாத் துறைமுகம் ஒன்றைத் தொடும், ஏனென்றால் வெளிநாட்டுக் கொடியோடு ஓடுகிற கப்பல்கள் வேற்றுநாட்டுத் துறை ஒன்றைத் தொடாமல் அமெரிக்கத் துறைகளுக்கு இடையில் ஆட்களை ஏற்றி இறக்கச் சட்டம் விடாது. தேனிலவுக்கு யாராவது கப்பல் டிக்கெட் பரிசாகத் தந்தால் நன்றி சொல்லித் திகதியைத் தள்ளிப்போடுங்கள்.

புவெர்ட்டோ ரிக்கோ, அமெரிக்க வேர்ஜின் தீவுகள், குவாம் மூன்றும் குடிவரவுச் சட்டத்தில் அமெரிக்காவுக்குள் அடங்கும், அங்கே போனால் நாட்டை விட்டுப் போனதாகாது. ஆனால் வேர்ஜின் தீவுகளில் இருந்தும் குவாமில் இருந்தும் திரும்பும்போது அதிகாரிகள் தாள்களைக் கேட்பார்கள். குவாமுக்கு ஜப்பான் வழியாகப் போகாமல் ஹவாய் வழியாகப் போக வேண்டும். அமெரிக்கன் சமோவா இந்தக் கணக்கில் சேராது, அது வெளியே. என்னைக் கேட்டால், காட் வரும்வரை தீவுகளில் ஹவாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடலைப் பார்க்க ஆசை என்றால் அது போதும், நிலாவெளியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எந்தக் கடலும் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

18 வயது வந்த வெளிநாட்டவர் தங்கள் பதிவுக்கான அத்தாட்சியை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம், இப்போது அதைக் கடுமையாகவே பார்க்கிறார்கள். ஈஏடி வந்திருந்தால் அதன் மூலப்பிரதி. வராவிட்டால் நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்து அச்சடித்தது. அதோடு ஐ-485 கிடைத்ததற்கான ஐ-797சி, கலியாணப் பதிவு, இரண்டின் பிரதியும். போனிலும் படமாக வைத்திருங்கள், ஆனால் போனை மட்டும் நம்பாதீர்கள், பற்றரி இறங்குவதற்கும் நேரம் பார்த்துத்தான் இறங்கும்.

எல்லையில் இருந்து 100 மைலுக்குள் எல்லைக் காவலர்கள் வாகனங்களை நிறுத்தி விசாரிக்கலாம். டெக்சாஸின் தெற்கிலும், அரிசோனாவிலும், நியூ மெக்சிகோவில் வெள்ளை மணல் பூங்கா பக்கமும் நிரந்தரச் சாவடிகள் இருக்கு. எங்கள் ஊர் ஆட்களுக்கு நெஞ்சு பதறும், தெரியும். பதற வேண்டாம். “அமெரிக்கக் குடிமக்களா?” என்றுதான் முதலில் கேட்பார்கள். காரை ஓட்டுகிற கணவர் பழக்கத்தில் “ஓம், நாங்கள் எல்லாரும்” என்று சொல்லிவிடுவார், மனைவியும் தலையாட்டிவிடுவார். இந்த ஒரு தலையாட்டல் கிரீன் காட்டை வாழ்நாள் முழுக்கத் தடுத்துவிடலாம். குடியுரிமை இருக்கு என்று பொய் சொல்வதற்கு அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் மன்னிப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கிடுமுன் இருவரும் கதைத்து வையுங்கள்: அவர் தனக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் “இல்லை, விண்ணப்பம் நிலுவையில் இருக்கு” என்று சொல்லி ஈஏடியை நீட்ட வேண்டும்.

தபால்பெட்டி

எல்லையைப் போலவே விண்ணப்பம் விழுகிற மற்ற இடம் இது. கைரேகை எடுக்கிற நாள், நேர்முகம், கூடுதல் ஆவணம் கேட்டு வருகிற கடிதம் எல்லாம் தபாலில் வருகிறது. கைரேகைக்குப் போகாமலும் முன்பே திகதி மாற்றாமலும் விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். நேர்முகத்தைத் தவறவிட்டாலும் அப்படித்தான். கூடுதல் ஆவணத்துக்குத் தருகிற அவகாசம் கூடியபட்சம் 84 நாள்தான், அதுவும் கடிதத்தில் உள்ள திகதியில் இருந்து ஓடத் தொடங்கிவிடும். ஒரு மாதம் சிகாகோவில் அக்கா வீட்டில் நின்றுவிட்டு வந்து பெட்டியைத் திறந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

ஆகவே, விண்ணப்பம் போட்ட முதல் கொஞ்ச வாரம் தூரப் பயணம் போடாதீர்கள், கைரேகை அழைப்பு அந்தக் காலத்தில்தான் வரும். அது முடிந்தபிறகு தாராளமாகப் போங்கள். குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கிற யுஎஸ்சிஐஎஸ் திணைக்களத்தின் இணையக் கணக்கைத் திறந்து வழக்கு எண்ணைச் சேர்த்து வைத்தால் பல அறிவித்தல்களைப் போனிலேயே பார்க்கலாம். தபால் திணைக்களத்தின் இன்ஃபோம்ட் டெலிவரி என்ற இலவச சேவையில் சேர்ந்தால் அன்றைக்கு வரப்போகிற கடித உறைகளின் படம் காலையில் மின்னஞ்சலுக்கு வரும், அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கடிதங்களை 30 நாள்வரை நிறுத்தி வைக்கவும் சொல்லலாம், ஆனால் நம்பிக்கையான ஒரு ஆள் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் நல்லது, ஏனென்றால் நிறுத்தி வைத்த கடிதத்துக்கும் அவகாசம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டிக்கெட் எடுக்கும்போது திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

விருந்துக்குப் போய் நிற்பதற்கு முகவரி மாற்றம் அறிவிக்கத் தேவையில்லை. வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 என்கிற முகவரி மாற்றப் படிவம் மூலம் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கு அறிவிக்க வேண்டும். தபால் கந்தோரில் மட்டும் சொல்லிவிட்டு இருக்காதீர்கள், யுஎஸ்சிஐஎஸ் அனுப்புகிற அட்டைகள் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பப்படாமல் அவர்களிடமே திரும்பிப் போகும்.

சேர்ந்து போன பயணம்

கணவனும் மனைவியுமாகப் போகிற பயணம் வழக்குக்கு நல்லது. இருவர் பெயரிலும் உள்ள ஹோட்டல் பற்றுச்சீட்டு, விமான டிக்கெட், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் வாசலில் மாமா மாமியோடு எடுத்த படம், இதெல்லாம் உண்மையான குடும்பம் என்று காட்டுகிற சான்றுகள். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரிப் பத்திரம் அளவுக்குப் பாரம் இல்லை, ஆனால் அவற்றோடு சேர்ந்து நிற்கும். கலியாணம் முடிந்து 2 வருடம் ஆகுமுன் காட் கிடைத்தால் அது 2 வருட நிபந்தனைக் காட், அதை நீக்க மறுபடி சான்று கேட்பார்கள், அதனால் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். தனியாகப் போவதிலும் பிழையில்லை. ஆனால் பேறுகாலத்துக்கென்று மாதக்கணக்காகப் பிரிந்து இருந்தால் நேர்முகத்தில் கேட்பார்கள், ஏன் என்று இருவரும் ஒரே உண்மையைச் சொல்லத் தயாராக இருங்கள்.

முன்பு நாடுகடத்தல் உத்தரவு வந்தவர்கள், குடிவரவு நீதிமன்றத் தவணையைத் தவறவிட்டவர்கள், பொலிஸ் கைது ஏதாவது உள்ளவர்கள், ஐ-485 போடுமுன்னரே விசா முடிந்துபோனவர்கள், நீங்கள் இந்த எழுத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். விமானத்தில் ஏறுமுன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கதையுங்கள். கே-1 முடிந்து இன்னும் விண்ணப்பம் போடாதவர்கள் முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள், ஊர் சுற்றலைப் பிறகு பார்க்கலாம்.

கடைசியாகத் திருகோணமலையில் இருக்கிற பெற்றோருக்கு. வீட்டில் யாருக்காவது கடுமையாகிவிட்டால் “அடுத்த பிளைட்டில் வா” என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளை அழுதுகொண்டே வெளிக்கிட்டுவிடும், திரும்பிப் போக முடியாது. அவசர அட்வான்ஸ் பரோல் என்று ஒரு வழி இருக்கு. பிள்ளை யுஎஸ்சிஐஎஸ் தொடர்பு நிலையத்துக்குப் போன் பண்ணி உள்ளூர் அலுவலகத்தில் நேரம் கேட்க வேண்டும், ஐ-131 என்கிற பயண அனுமதிப் படிவத்தோடு ஆஸ்பத்திரிக் கடிதமோ மரணச் சான்றிதழோ கொண்டுபோக வேண்டும். அந்தத் தாளைத் தேடி அனுப்புவது உங்கள் வேலை. ஆஸ்பத்திரியில் நோயாளியின் பெயர், வருத்தம், எவ்வளவு கடுமை என்று ஆங்கிலத்தில் எழுதி, வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பதிவாளர் தருகிற சான்றிதழ் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து முழுவதையும் ஆங்கிலத்தில் எடுத்து, சரியான மொழிபெயர்ப்பு என்று அவர் கையெழுத்திட்ட உறுதியுரையோடு படமெடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். இங்கே காலை என்றால் நியூயார்க்கில் முதல்நாள் இரவு, ஆகவே மாலை ஐந்து மணிக்கு முன் இங்கிருந்து அனுப்பிவிட்டால் அவர்கள் அன்று காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்துக்குக் கையில் வைத்திருப்பார்கள்.